இறக்கத்தில் கியரைக் கழற்ற வேண்டாம்

1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் எங்களில் பல. ஆனாலும் கலியாணம், சாவு, திருவிழா என்றால் வேன் பிடித்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் போய்த்தான் வருகிறோம். அந்த வேனை ஓட்டுபவர் பெரும்பாலும் ஏ-9 வீதியின் சமதரையில் பழகியவர்.

2022இல் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறி, கியூஆர் கோட்டாவில் எண்ணெய் அடித்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள். மாங்குளத்தில் இதன் ஆபத்து பெரிதாகத் தெரியாது. றம்பொடை இறக்கத்தில் இது உயிரை எடுக்கும்.

கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். விடாமல் மிதிக்கும்போது பிரேக் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. எஞ்சினை நிறுத்தினால் இன்னும் மோசம்: சில மிதிகளிலேயே பிரேக் கல்லாக இறுகும், பவர் ஸ்டியரிங்கும் இறுகும். சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

மிச்சம் என்பதும் பெரும்பாலும் பொய்க்கணக்கு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரோடு இறங்கும்போது அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கு எண்ணெய் போவது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் செலவாகிறது. பழைய வண்டிகளில் கொஞ்சம் மிஞ்சலாம். அந்தக் கொஞ்சத்துக்காகவா பத்துப் பன்னிரண்டு உயிர்களைப் பணயம் வைப்பது?

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்லயில் பாடசாலை மாணவர்களை ஏற்றிய பஸ் ஒரு வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். நியூட்ரல்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. மலைச்சரிவில் ஒரு வண்டி கட்டுப்பாட்டை இழந்தால் எதிரே வருபவரும் தப்ப முடியாது என்பதை அந்த வீதி காட்டியது.

இதற்கு ஓட்டுநரை மட்டும் ஏசிப் பயனில்லை. “இவ்வளவு டீசல்தான், கூடினால் சம்பளத்தில் வெட்டுவேன்” என்று சொல்லும் முதலாளிதான் அவர் கையை நியூட்ரலுக்குத் தள்ளுகிறார். தொழிலாளரை ஏற்றும் லொறிக்கும் டிரக்டருக்கும் இதே கதைதான். இறக்கத்தில் பின்னால் இருக்கும் டிரெயிலர் டிரக்டரைத் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே எங்கள் கோரிக்கை தெளிவானது: ஓடும் தூரத்துக்கும் பாதைக்கும் ஏற்ற எண்ணெய் கொடுக்க வேண்டும். ஆட்களை ஏற்றும் வண்டியின் பிரேக்கை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். எண்ணெய்க்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

ஓட்டுநர் தோழர்களே, ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இறக்கம் தொடங்கும் முன்பே அதை மாற்றிவிடுங்கள். வேனில் இருக்கும் அம்மாமார், அக்காமார், நீங்களும் பேசாமல் இருக்காதீர்கள். “தம்பி, கியரிலேயே இறக்குங்க” என்று சொல்ல வண்டி ஓட்டத் தெரிந்திருக்கத் தேவையில்லை.