முன் ஷாக்கில் ஆயில் கசிகிறதா? 900 ரூபாய் வேலை 3,010 ரூபாய் ஆன கதை!

பைக்கில் ஏதாவது கோளாறு என்றால் ஓட்டுபவருக்குத்தான் முதலில் தெரியும் என்பார்கள். மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டில் அதைக் கண்டுபிடித்தது மனைவி. காலையில் வாசல் தெளிக்கப் போனவர், வண்டியின் முன் சக்கரத்துக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய்க் கறையைப் பார்த்திருக்கிறார். “ஏங்க, வண்டி ஒழுகுது பாருங்க” என்றதற்குக் கணவரின் பதில், “செயின் ஆயிலா இருக்கும்.”

அது செயின் ஆயில் இல்லை. செயின் இருப்பது பின்னால்!

முன் ஷாக் என்று நாம் சொல்லும் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும், குரோம் பூசிய ஒரு பைப் அடிக்குழாய்க்குள் ஏறி இறங்குகிறது. உள்ளே ஆயில் இருக்கும். பள்ளத்தில் இறங்கும் வண்டி குதிரை மாதிரித் துள்ளாமல் நிதானமாக எழுவது அந்த ஆயிலால்தான். அதை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல். அதற்கு மேலே குடை பிடிப்பதுபோல டஸ்ட் சீல். பைப்பில் ஒட்டிய சேறு காய்ந்தாலோ, துரு ஏறினாலோ, ரப்பர் வயதாகி இறுகினாலோ, சீலின் உதடு கிழிந்து கசிய ஆரம்பிக்கும்.

கசிந்தால் என்ன, ஓடுகிற வரை ஓடட்டும் என்றுதான் பலரும் விடுகிறார்கள். வில்லாபுரத்துக்காரரும் இரண்டு மாதம் விட்டார். வண்டி 125 சிசி, முன்னால் டிஸ்க் பிரேக். கசிந்தது டிஸ்க் இருக்கும் பக்கம். காலில் வழிந்த ஆயில் மெல்ல மெல்ல டிஸ்க்குக்கும் பேடுக்கும் போனது. மகளைப் பள்ளியில் விடப் போன ஒரு காலை, சிக்னலில் பிரேக் பிடிக்க, வண்டி நிற்காமல் முன்னால் நின்ற ஆட்டோவை முத்தமிட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால், டேங்க் மேல் உட்கார்ந்திருந்த குழந்தை அழுத அழுகையில் அன்றே ஒர்க்‌ஷாப் போய்விட்டார்.

தெருமுனைக் கடையில் சீல் ஜோடி 280, ஃபோர்க் ஆயில் 220, கூலி 400. மொத்தம் 900 ரூபாய். சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தார். இருபதாவது நாள், அதே இடத்தில் அதே கறை.

இந்த முறை வேறு மெக்கானிக். அவர் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. பைப்பைத் துணியால் துடைத்து, கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தார். ஓரிடத்தில் நகம் ‘டக்’கென்று தடுக்கியது.

“துருக்குழி விழுந்திருக்கு தம்பி. இதுமேல எத்தனை புது சீல் போட்டாலும் அறுத்துப் போட்டுரும்.”

“முதல்ல பார்த்தவர் இதைச் சொல்லவே இல்லையே அண்ணே?”

“நீங்க சீல் மாத்தச் சொன்னீங்க, அவரு மாத்திட்டாரு.”

ஒரு பைப் 950, மறுபடி சீல் 280, ஆயில் 220, கூலி 400, ஆயில் குடித்த பிரேக் பேடுக்குப் பதில் புதிது 260. ஆக 2,110. முதல் செலவையும் கூட்டினால் 3,010 ரூபாய். இந்த வேலையில் சீல் விலை பெரிய விஷயமே இல்லை. சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கை இறக்கி, பிரித்து மாட்டும் கூலியை இரண்டு முறை கொடுப்பதில்தான் பணம் போகிறது. (ஊருக்கும் வண்டிக்கும் ஏற்ப விலை மாறும். பெரிய பைக்குகளில், அதிலும் தலைகீழ் ஃபோர்க் என்றால், இதைவிட அதிகம்.)

அதனால் வேலையைக் கொடுக்கும் முன்பே பைப்பில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம்தான் கசிந்தாலும் இரண்டு சீலையும், இரண்டு கால் ஆயிலையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஆயில் எந்த கிரேடு, எத்தனை மில்லி என்பது மேனுவலில் இருக்கும். மீந்துபோன இன்ஜின் ஆயிலை ஊற்றிக் கொடுக்கும் கடைகளும் உண்டு, உஷார்! விபத்தில் பைப் வளைந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் சீல் போட்டுப் பயனில்லை. தேய்மானத்தால் வந்த கசிவுக்கு இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது.

லேசான கசிவு என்றால் செலவே இல்லாமலும் தீரலாம். சில நேரம் சீல் கிழிந்திருக்காது, உதட்டில் மண் மாட்டியிருக்கும். டஸ்ட் சீலை மெல்ல நெம்பி மேலே தள்ளிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் மெல்லிய துண்டு வெட்டி, பைப்புக்கும் சீலுக்கும் நடுவில் விட்டுச் சுற்றி வந்தால் அழுக்கு வெளியே வரும். துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் கசிந்தால் சீல் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது மெக்கானிக் சொல்லிக் கொடுத்த இந்த வித்தையை, போன ஞாயிற்றுக்கிழமை தம்பியின் பைக்கில் செய்துகொண்டிருந்தார் வில்லாபுரத்துக்காரர். உள்ளே பீரோவை உருட்டும் சத்தம். பிறகு மனைவியின் குரல்.

“ஏங்க, நாளைக்கு டாக்டர்கிட்ட போகணுமே... அத்தையோட முட்டி எக்ஸ்ரே எங்க?”