செவியும் குறியும்

கண்ணாற் கண்டதை எழுதுதல் எளிது. காதாற் கேட்டதை உள்ளவாறு எழுதுதல் அரிது. வாயினின்று பிறந்த ஒலி பிறந்த கணத்திலேயே மறைகின்றது. கேட்போன் மனமோ, கேட்டது இன்னதென்று ஆராயுமுன், இன்னதாயிருத்தல் வேண்டுமென்று தானே நிரப்பிக்கொள்கின்றது. அன்றாடப் பேச்சில் இவ்வியல்பு நமக்குத் துணையாம். பேச்சுக்குறை தீர்க்கும் தொழிலை மேற்கொண்டார்க்கோ இதுவே பெரும்பகை. ஆதலின், அத்தொழில் பயில்வார் ஒலிகளைக் கேட்டவாறே குறிக்கும் திறனை முதலிற் பெறுதல் வேண்டும். பெற்றதனைப் பரீட்சையோடு மறவாது காத்தலும் வேண்டும் என்பது எமது கருத்து.

இதற்கு வேண்டும் கருவி புதியதன்று. 1886-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் மொழியாசிரியர் சிலர் கூடி நிறுவிய அகில உலக ஒலியியற் கழகம், 1888-ஆம் ஆண்டில் தன் ஒலியெழுத்து வரிசையை வெளியிட்டது. இயல்பான பேச்சுக்கென அமைந்த அக்குறிகள் குறைபட்ட பேச்சுக்குப் போதாமை கண்டு, 1990-ஆம் ஆண்டில் விரிவுக் குறிகளும் வெளியிடப்பட்டன. நம் நாட்டில், மைசூரில் 1965-ஆம் ஆண்டு அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் தோன்றியபின் இத்துறைக் கல்வி வேரூன்றி வளர்ந்துளது.

"சொல்லுகிறவாறே எழுதும் தமிழுக்கு அயற்குறிகள் எற்றுக்கு?" என வினவுவாரும் உளர். தொல்காப்பியனார் பிறப்பியல் என ஓரியலே வகுத்து, எழுத்தொலிகள் பிறக்கும் இடமும் முயற்சியும் விளக்கியமை நமக்குப் பெருமையே. ஆயினும், நம் நெடுங்கணக்கு பொருள் வேறுபடுத்தும் ஒலிகளைக் காட்ட எழுந்ததேயன்றி, ஒலித்திரிபு ஒவ்வொன்றையும் காட்ட எழுந்ததன்று. கல், சங்கு, அகம் என்னும் மூன்றிலும் ககர வடிவம் ஒன்றே, ஒலியோ மூன்று. முதலது குரல் அதிராது வெடிப்பது. இரண்டாவது அதிர்ந்து வெடிப்பது. மூன்றாவது உரசி வருவது. இடமறிந்து படிக்கும் நமக்கு இதனால் இடரில்லை. ஆனால், ஒரு குழந்தை சங்கு என்பதன் ககரத்தை அதிர்வின்றி ஒலிப்பின், அதனை எழுதிக்காட்ட நம் எழுத்தில் வழி யாது?

இன்னும் தெளிவாக ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைக்குக் காற்று மூக்கின்வழிக் கழிதலால், வல்லொலிகட்கு வேண்டும் அழுத்தம் வாயில் திரளாது. அதனால் அத்தகைய குழந்தைகளுட் சிலர், குரல்வளையிலேயே காற்றை அடைத்து விடுக்கும் பழக்கத்தைக் கைக்கொள்வர். அறுவைச் சிகிச்சையாற் பிளவு மூடிய பின்னும் அப்பழக்கம் நீங்காதிருத்தல் உண்டு. அத்தகைய குழந்தை 'பாட்டி' என அழைக்குங்கால், பயிலாத செவி வல்லெழுத்துக்கள் விடுபட்டன எனக்கொண்டு 'ஆ-இ' என எழுதும். பயின்ற செவியோ, அவ்விடங்களிற் கீழ்ப்புள்ளியற்ற வினாக்குறி போன்றதொரு குறியை இடும். முன்னது, ஒலியே இல்லை என்னும். பின்னது, ஒலிக்கு உரிய இடத்தைக் குழந்தை உணர்ந்துளது, உறுப்பை மட்டுமே மாற்றிக்கொண்டது என்னும். இல்லாத ஒலியைப் புதிதாய்க் கற்பித்தல் வேறு. தொண்டையில் நிகழும் அடைப்பை இதழுக்கும் நாவுக்கும் பெயர்த்தல் வேறு. குறி பிழைப்பின் சிகிச்சையின் நெறியும் பிழைக்கும். திங்கள் பல வீணாம். அவ்விழப்பு குழந்தையையே சாரும்.

பேச்சைப் பதிந்து தானே எழுத்தாக்கும் பொறிகள் வந்துவிட்ட இக்காலத்தில் இவ்வுழைப்பு வேண்டுமோ எனலாம். பதிவுக் கருவி மறைந்த ஒலியை மீட்டும் கேட்பித்தலால் நமக்கு உற்ற துணையே. எழுத்தாக்கும் பொறியின் நிலை வேறு. பேசியவன் கருதிய சொல்லை ஊகித்துத் திருத்தமாக எழுதித் தருதற்கென ஆக்கப்பட்டது அது. குழந்தையின் பிழையை அறிய விரும்பும் நமக்கு, அப்பிழையை மறைத்துத் தரும் பொறியால் ஆம் பயன் சிறிதே.

இனிச் செயற்பாலன யாவை? ஓராண்டிற் குறிகளை மனனஞ்செய்து மறந்துவிடுதல் நீச்சலை நூலிற் படித்தல் போலாம். பயிற்சி கல்விக்காலம் முழுவதும் வாரந்தோறும் நடைபெறுக. பொருளற்ற சொற்களை ஆசிரியர் சொல்லக் கேட்டு மாணவர் குறிப்பாராக. பொருள் இன்மையால் மனம் ஊகித்தற்கு இடமிராது. பெற்றோர் இசைவோடு பதிந்த தமிழ்க் குழந்தைகளின் பேச்சை இருவர் தனித்தனியே குறித்து, வேறுபட்டவிடத்து மீண்டும் கேட்டு ஆராய்வாராக. தேர்வும் செவிக்கே நிகழ்க. குறிகளின் பெயரைக் கேட்டு மதிப்பெண் வழங்குதல் போதாது. தொழிலில் அமர்ந்தோரும் ஆண்டுக்கொருமுறையேனும் தம் செவியைச் சோதித்துக்கொள்வாராக.

தமிழ் பயிலும் நம் மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. பிறப்பியலை நெட்டுருச் செய்வதோடமையாது, தத்தம் ஊர்ப்பேச்சின் ஒலிகளைக் கேட்டுக் குறிக்கப் பழகுவராயின், சிகிச்சையாளர்க்கு இன்றியமையாத செய்தி ஒன்று கிடைக்கும். வாழைப்பழத்தை வாளப்பளம் என்னும் ஊரிற் பிறந்த குழந்தை அவ்வாறு கூறுதல் அவ்வூர் வழக்கேயன்றி நோயன்று. வழக்கு எது, குறை எது எனப் பிரித்தறியாதவிடத்து, நோயில்லார்க்கு மருந்தும், நோயுற்றார்க்குப் புறக்கணிப்பும் நேரும். தன் குறையைத் தானே எடுத்துரைக்க இயலாத குழந்தைக்கு, அதன் ஒலியைத் திரிக்காமற் கேட்கும் செவியே முதல் மருந்து என்க.