கொன்றையின் பெயரை இரவல் கொடுக்காதீர்கள்

கோபாலபுரத்தில் என் பெரியப்பாவுக்கு ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது. தென்னையும் கொஞ்சம் மாவும் போக, கிணற்றடியில் அரை ஏக்கர் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே அழகுக்காக ஒரு பூமரம் வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சென்ற மாதம் ஒரு நாற்றுப்பண்ணையின் விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டினார். வெண்ணிறப் பூங்கொத்துகள் சரம்சரமாகத் தொங்கும் படம். கீழே ‘வெண்கொன்றை’ என்று பெரிய எழுத்தில் பெயர். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால் மட்டும் தெரியும் அளவில், ரொபினியா சூடோஅகேசியா. வேண்டாம் என்றேன். “கொன்னைதான கண்ணு, வெச்சா என்ன?” என்றார்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பின்னர் இதை ஆய்வு நண்பர்களிடையே சொன்னபோது மொழியியல் படித்த ஒருவர், “பெயர் இடுகுறிதானே, அதில் என்ன பிழை?” என்று கேட்டார். இந்தப் பதிவு அவருக்கும், அவரைப் போல எண்ணும் நம் துறையினருக்கும்.

சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவில்லை என்பது முதலாண்டுப் பாடம். ஆனால் அது பெயர் முதன்முதலில் இடப்படும் கணத்துக்குப் பொருந்துவது. ஏற்கெனவே ஒரு பொருளுக்கு உரிய பெயரை எடுத்து இன்னொன்றின்மேல் வைக்கும்போது, ‘இது அதைப் போன்றது’ என்ற கூற்று அங்கே நுழைந்துவிடுகிறது. கூற்று என்றால் மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். நம் இலக்கணத்தில் இதற்கு உவமையாகுபெயர் என்ற இடம் உண்டு. ‘பாவை வந்தாள்’ என்றால் வந்தவள் பொம்மையில்லை என்று கேட்பவருக்குத் தெரியும். நாற்று வாங்குபவருக்கு அந்த அறிவு இல்லை. அவர் கொன்றை என்று நம்பியே பணம் கொடுக்கிறார். ஆகுபெயர் அங்கே ஆள்மாறாட்டமாகிறது.

இந்த ரொபினியாவின் வரலாறே இரவல் பெயர்களின் வரலாறுதான். வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிக்கு உரிய மரம் இது. அங்கே குடியேறிய ஆங்கிலேயர் இதன் காய்களைக் கண்டு, விவிலிய நிலத்தின் கரோப் மரத்துக்கு வழங்கிய ‘லோகஸ்ட்’ என்ற பெயரை இதற்கு ஒட்டினர். ஐரோப்பாவின் தாவரவியலாளர்கள் இலையைப் பார்த்து வேல இனத்தோடு ஒப்பிட்டு, உடனே தயங்கி, ‘போலி அகேசியா’ என்றனர். 1753-இல் லின்னேயஸ் அந்தப் போலியைச் சிறப்பினப் பெயராக நிலைநிறுத்தி, பிரெஞ்சு அரசரின் தோட்டக்காரரான ழான் ரோபேனின் நினைவாகப் பேரினப் பெயரை வைத்தார். 1601-இல் ரோபேன் நட்டதாகச் சொல்லப்படும் மரம் பாரிஸின் ரெனே விவியானி சதுக்கத்தில் முட்டுக் கொடுக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. இடையே ஒரு வேடிக்கை: 2005-இல் வியன்னாவிலும் 2011-இல் மெல்போர்னிலும் கூடிய தாவரவியல் மாநாடுகளின் முடிவுப்படி அகேசியா என்ற பெயரே ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போய்விட்டது. நம் கருவேலம் இன்று வாச்செல்லியா. மூணாறு, வட்டவடை மலைகளை மூடியிருக்கும் வாட்டில் மரமோ அசல் அகேசியா! போலிக்கு மூலமாக இருந்ததே முகவரி மாறிவிட்டது.

பெயர் வணிகத்தில் என்ன செய்யும் என்பதற்கு வில்லியம் காபெட்டை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. 1820களில் இங்கிலாந்தில் இவர் ‘லோகஸ்ட்’ மரத்தின் பெருமையை ஓயாமல் எழுதினார். அமெரிக்காவிலிருந்து விதை தருவித்துக் கன்றுகளை விற்றார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை அவர் வளர்த்ததாக லௌடன் என்ற தோட்டக்கலை எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார். காபெட்டால் தேவைக்கு ஈடு கொடுக்க முடியாத அதே நாள்களில், அதே மரம் வேறு பெயரில் மற்ற நாற்றுப்பண்ணைகளில் கேட்பாரற்று நின்றது என்பதையும் லௌடனே சொல்கிறார். மரம் ஒன்று, பெயர் இரண்டு. ஒன்றுக்கு வரிசை, மற்றதற்கு வெறுமை. இதைப் படித்த பிறகும் ‘இடுகுறிதானே’ என்று சொல்ல மனம் வருமா?

ஐரோப்பாவில் அந்த அழகு மரம் தோட்டத்தோடு நிற்கவில்லை. வெட்டினால் வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்புகின்றன. வேர்முடிச்சுகள் மண்ணில் நைட்ரஜனை ஏற்றுவதால், வறிய மண்ணையே நம்பி வாழும் புல்வெளித் தாவரங்கள் இடம் இழக்கின்றன. பட்டை, இலை, விதை ஆகியவற்றில் நஞ்சு உண்டு. பட்டையைக் கடித்த குதிரைகள் நோயுற்றதும் இறந்ததும் பதிவாகியுள்ளன.

பாலக்காட்டுக் கணவாயின் வெயிலில் இது தழைக்குமா என்று கேட்டால், ஐயமே. குளிர்காலம் கேட்கும் மரம் அது. இந்தியாவில் காஷ்மீரிலும் இமாச்சலத்திலும்தான் வளர்க்கிறார்கள். பெரியப்பாவின் கன்று முதல் கோடையிலேயே கருகியிருக்கலாம். பின் ஏன் இத்தனை சினம் என்றால், கொன்றையின் பெயரால் முன்பே ஒரு மரம் உள்ளே வந்து, இன்று நம் காடுகளில் உட்கார்ந்திருக்கிறது.

சென்னா ஸ்பெக்டாபிலிஸ். நடு, தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. வயநாட்டில் 1980களில் வனத்துறையின் சமூகக் காடு வளர்ப்புப் பிரிவே அதை நட்டது. மலையாளத்தில் மஞ்ஞக்கொன்ன, தமிழ் நாளிதழ்களில் மஞ்சள் கொன்றை. வெட்டினால் அடிமரத்திலிருந்து கொத்தாகத் துளிர்க்கிறது; அடர்ந்த நிழலின் கீழே புல் முளைப்பதில்லை; மானும் யானையும் தின்பதில்லை. முத்தங்காவிலிருந்து முதுமலை வரை அதைப் பிடுங்கவும் பட்டை உரித்துக் கொல்லவும் இரு மாநில அரசுகளும் பணத்தைக் கொட்டுகின்றன. காகிதக் கூழுக்கு அனுப்பும் திட்டமும் நடக்கிறது. தமிழ்நாடு 2022-இல் அயல் ஊடுருவுத் தாவரங்களுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட நேர்ந்தது. தங்கள் காடு போன பிறகு வயநாட்டு மக்கள் அதை ராட்சசக்கொன்ன என்று அழைக்கத் தொடங்கினர். அடைமொழி வந்தது, காலம் கடந்து வந்தது.

கொன்றை என்பது சாதாரணப் பெயரன்று. சங்கப் பாடல்களில் முல்லை நிலத்தின் கார்காலத்தைச் சொல்லும் பூ. சைவர்க்குச் சிவனின் தார். எல்லைக்கு அப்பால் விஷுக்கணி. ‘ஒன்று’ மலையாளத்தில் ‘ஒன்னு’ ஆவது போலவே ‘கொன்றை’ அங்கே ‘கொன்ன’ ஆகிறது. எங்கள் ஊர்ப் பேச்சுத்தமிழிலும் அப்படியே. கோபாலபுரம் சோதனைச் சாவடியில் காய்கறி வண்டியையும் நிறுத்திப் பார்ப்பார்கள். இந்த ஒரு சொல் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் யாரும் தடுப்பதில்லை. அதன் முதுகில் எதை ஏற்றி அனுப்பினாலும் போய்விடும் என்பது விற்பவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

நம் முன்னோர் இதில் நம்மைவிட நேர்மையாக இருந்தனர். புதிதாக வந்ததற்குப் பழைய பெயரைக் கொடுத்தாலும் முன்னால் ‘சீமை’ என்ற ஒரு முத்திரையைக் குத்தினர்: சீமைக்கருவேலம், சீமை அகத்தி. மலையாளி கிளைரிசிடியாவைச் சீமக்கொன்ன என்கிறான். யாழ்ப்பாணத்தான் சீமைக்கிளுவை என்கிறான். இருவரும் வேலிக்கும் தழையுரத்துக்கும் அதை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் வந்த வழியை மறக்கவில்லை. (இந்தக் கிளைரிசிடியா ரொபினியாவின் நெருங்கிய உறவு, ஒரு காலத்தில் அதுவும் ரொபினியா என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தது. பெரியப்பா விரும்பிய மரத்தின் பங்காளி அவர் வேலியிலேயே நிற்கிறது என்பதை அவரிடம் சொன்னபோது சிரித்தார்.) முத்திரை இருந்தும் சீமைக்கருவேலம் பரவியது உண்மைதான். ஆனால் அதை எதிர்க்க வேண்டிய நாள் வந்தபோது, அது எங்கள் மரம் என்று யாரும் கண்ணீர் விடவில்லை. ஹங்கேரியைப் பாருங்கள்: அங்கே ரொபினியாவுக்கு அசல் அகேசியாவின் பெயரே நிலைத்து, 2014-இல் அதுவும் அதன் தேனும் தேசியப் பெருமிதங்களின் பட்டியலிலேயே ஏறிவிட்டன. அதை ஊடுருவி என்று அங்கே சொல்லிப் பார்க்கட்டும்.

இது தூய்மைவாதம் என்று ஒரு குரல் எழும். மிளகாயும் மரவள்ளியும் வந்தவைதாமே என்பார்கள். வந்தவைதாம், இரண்டையும் நான் உண்கிறேன். மேலும் நான் கேரளத்துத் தமிழன். சிற்றூர் வட்டத்திலும் தேவிகுளத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்தும், ‘வந்தவர்’ என்ற சொல்லைப் பள்ளி விண்ணப்பத்திலிருந்து ரேஷன் கடை வரை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ‘அந்நியம்’ என்ற சொல்லை ஒரு செடியின்மேல்கூட நான் எளிதில் வீசமாட்டேன். வந்ததை வந்தது என்று சொல்லுங்கள், அதன் பெயரோடு சொல்லுங்கள் என்பதே என் கோரிக்கை. எங்களுக்கும் நாங்கள் கேட்டது அதுதான்.

ஆகவே கலைச்சொல் அகராதி தொகுப்பவர்கள், பாடநூல் எழுதுபவர்கள், அருஞ்சொற்பொருள் ஆக்கும் முனைவர் பட்ட நண்பர்கள் ஆகியோரிடம் கேட்கிறேன்: சரம் தொங்கும் பூவைக் கண்டதும் கொன்றை என்று எழுதிவிடாதீர்கள். ரொபினியாவை ரொபினியா என்றே எழுதினால் தமிழ் கெடாது. தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் அந்தப் பழைய முத்திரை இன்னும் நம் கையில் இருக்கிறது. நீங்கள் அச்சிடும் பெயரைத்தான் அடுத்த ஆண்டு நாற்றுப்பண்ணைக்காரர் பலகையில் எழுதுகிறார்.

பெரியப்பா விளம்பரத்தை அழித்துவிட்டார். கிணற்றடிக் குழி இன்னும் திறந்தே கிடக்கிறது. சரக்கொன்றை வைக்கலாம் என்றேன். உதிரும் பூவும் காயும் கிணற்றில் விழும் என்கிறார். புங்கம் என்கிறார் பெரியம்மா. ஆடி மழைக்குள் முடிவாகும்.