வாய் வலப்புறம் இருந்தால் போதுமா?

எங்கள் சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சுக்கும் காராச்சேவுக்கும் பஞ்சமில்லை. கடல் ஒன்றுதான் கிடையாது. அதைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டும். ஆகவே சிப்பி, சங்கு முதலியவற்றைப் பற்றி இவ்வூரில் யாருக்காவது சந்தேகம் வந்தால், பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் வருகிறார்கள். வாத்தியாருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இருக்க முடியாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கலைப்பதற்கு வாத்தியார்களும் அவசரப்படுவதில்லை. அதன் பலனைச் சென்ற மாதம் நான் அனுபவித்தேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தியின் தகப்பனார் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அண்ணாச்சிக்கு இரண்டு வருஷமாக வியாபாரம் சரியில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் என்னை வீட்டுக்கு அழைத்துச் சென்று, பட்டுத் துணியில் சுற்றியிருந்த ஒரு சங்கை என் கையில் வைத்தார். ஊர் ஊராகச் சுற்றும் வியாபாரி ஒருவர் பார்வைக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். எந்தக் கடலில் எடுத்தது என்று கேட்டதற்கு, "பரம்பரையாக வந்தது" என்பதற்குமேல் அவர் விவரம் சொல்லவில்லையாம். விலை 60,000 ரூபாய். திங்கட்கிழமை பணம் கொடுத்தாக வேண்டும். அதற்காக வீட்டு அம்மாளின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகத் தயாராக இருந்தது.

"வலம்புரிதானே, சார்? அது வீட்டுக்கு வந்தால் கடன் தீரும் என்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார் அண்ணாச்சி.

சங்கில், நீர் வார்க்கும் நீண்ட முனையை மேலேயும், சுருள் சுருளாக முடியும் கொண்டையைக் கீழேயும் வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். சாதாரணச் சங்குக்கு வாய் இடப்புறம் இருக்கும், வலம்புரிக்கு வலப்புறம். மேல்நாட்டுப் பண்டிதர்கள் கொண்டையை மேலே வைத்துப் பார்ப்பதால், நம்முடைய வலம்புரியை அவர்கள் இடப்புறச் சங்கு என்கிறார்கள். சங்கு ஒன்றுதான், பிடிக்கிற விதந்தான் வேறு.

பார்த்தேன். வாய் வலப்புறந்தான் இருந்தது. அண்ணாச்சியின் மகள் அதைக் காதில் வைத்து, "ஓம் என்று கேட்கிறது, சார்!" என்றாள். நானும், "சந்தேகமென்ன, வலம்புரிதான்" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு டம்ளர் காபியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பள்ளி ஆய்வுக்கூடத்து அலமாரியில் வேறு எதையோ தேடியபோது, நெடுக்காக அறுத்த மன்னார் வளைகுடாச் சங்கு ஒன்று கைக்கு அகப்பட்டது. அதன் நடுத்தூணில், திருகாணியின் மரையைப்போல, தடித்த வரம்புகள் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தன. எனக்குப் பகீர் என்றது. நேற்றுப் பார்த்த சங்கின் வாய்க்குள் அப்படி ஏதாவது இருந்ததா? இருந்ததாக ஞாபகமில்லை.

அன்று பகல் முழுதும் புத்தகங்களைப் புரட்டினேன். நம்முடைய சங்குக்குச் சாஸ்திரப் பெயர் 'டர்பினெல்லா பைரம்'. மதராஸ் மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். வங்காளத்துச் சுமங்கலிகள் அணியும் வெள்ளை வளையல் இந்தச் சங்கை அறுத்துச் செய்வதுதான். இந்த இனத்தில் வலம்புரி தோன்றுவது மிக மிக அபூர்வம். ஆனால் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்ஸிகோ வளைகுடாவிலும் 'லைட்னிங் வெல்க்' என்ற வேறொரு கடல் நத்தை வாழ்கிறது. மின்னல் கீற்றுப் போன்ற கோடுகள் அதன் ஓட்டில் ஓடுவதால் அந்தப் பெயர். அந்த ஜாதியில் ஏறக்குறைய எல்லாவற்றுக்குமே வாய் நம் வலம்புரியின் பக்கந்தான்! 1987-இல் டெக்ஸாஸ் ராஜ்யம் அதைத் தன் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அந்தக் கடற்கரையில் குழந்தைகள் பொறுக்கி விளையாடும் ஓடு, கடல் தாண்டி வந்ததும் நம் பூஜை அறைக்கு லக்ஷ்மியாகிவிடுகிறது.

இரண்டையும் வேறுபடுத்துவது கஷ்டமே இல்லை. நம் சங்கு கனமானது, சுவர் தடித்தது. அந்நிய ஓடு மெலிந்தது. கொண்டையைச் சுற்றித் தோளில் முடிச்சு முடிச்சாகப் புடைப்புகள் இருக்கும். எல்லாவற்றிலும் முக்கியம், நடுத்தூண். இடம்புரியானாலும் வலம்புரியானாலும், நம் சங்கின் வாய்க்குள் மூன்று அல்லது நான்கு தடித்த வரம்புகள் இருந்தே தீரும். அந்நிய ஓட்டில் அவை இல்லை. ஓங்காரமோ? ஒரு காலி டம்ளரைக் காதில் கவிழ்த்துப் பாருங்கள். அறையில் உள்ள மெல்லிய ஓசைகளை எந்தக் குழிந்த பொருளும் முழக்கிக் காட்டும்.

சனிக்கிழமை மாலை, அறுத்த சங்கும் கையுமாக ஓட்டமும் நடையுமாய் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "நேற்று நான் சொன்னது தப்பு" என்று சொல்லுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இருபது வருஷமாக மாணவர்களிடம் நான் எதிர்பார்த்த வாக்கியம் அது. நானே சொல்ல நேர்ந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. "நேற்று ஆம் என்றீர்கள், இன்று இல்லை என்கிறீர்கள். நாளைக்கு என்ன சொல்வீர்களோ?" என்றார். கேள்வி நியாயமானது.

"என்னை நம்ப வேண்டாம், அண்ணாச்சி. உங்கள் விரலை நம்புங்கள்" என்றேன்.

அவர் அசையவில்லை. அவர் மனைவிதான் முன்வந்து, இரண்டு சங்குகளின் வாயிலும் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "இதில் தடுக்கிறது, அதில் வழுக்கிறது" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் பூஜை அறைக்குள் சென்று, மாமியார் காலத்துப் பழஞ்சங்கு ஒன்றை எடுத்து வந்தார். அதிலும் விரலை விட்டார். முகம் மலர்ந்தது. "மூன்று இருக்கிறது, சார்! இது நல்ல சங்குதானே?"

"முதல் தரமான சங்கு, அம்மா. இடம்புரிதான், ஆனால் நம் கடலில் பிறந்தது" என்றேன்.

வெம்பக்கோட்டை அருகே வைப்பாற்றங்கரை மேட்டில் 2022-இல் தொல்லியல் துறையார் அகழ்ந்தபோது, சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்த செய்தியையும் அவரிடம் சொன்னேன். கடலில்லாத இந்தக் கரிசல் பூமிக்கு, எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, கடற்கரையிலிருந்து சங்கு வந்திருக்கிறது. அன்று பெண்களின் கைகளில் கிடந்து அழகு செய்தவை வலம்புரிகள் அல்ல, சாதாரணச் சங்குகள்தாம்.

திங்கட்கிழமை வியாபாரி வந்து, யாதொரு வாதமும் செய்யாமல் தம் சரக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சியின் கடன் தீரவில்லை. ஆனால் அது 60,000 ரூபாய் அதிகமாகவும் இல்லை. சங்கிலி அந்த அம்மாளின் கழுத்திலேயே இருக்கிறது.

அந்தப் பட்டுத் துணிச் சங்கு இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ, தெரியாது. நேயர்களில் யாருடைய வீட்டுக்காவது அது வந்து சேர்ந்தால், முதலில் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாத்தியாரைக் கேட்பது அப்புறம் இருக்கட்டும்.