லாக் வாயிலில் நதியின் இழுப்பு

2023ஆம் வருஷம் மார்ச் மாதம் 28ந் தேதி அதிகாலையில், அமெரிக்காவின் ஒஹையோ நதியில், லூயிவில் நகரருகேயுள்ள மெக்கால்பைன் லாக்கை நோக்கி 11 சரக்குத் தோணிகளைத் தள்ளிவந்த இயந்திரப் படகொன்று அவற்றுள் பத்தைப் பறிகொடுத்தது. சில தோணிகள் அணையிலேயே போய் மோதின. அவற்றிலொன்று 1,400 டன் மெதனால் ஏற்றியிருந்தது. வெள்ளக்காலத்துப் பக்க இழுப்பை மாலுமி தக்கவாறு சமாளிக்கவில்லையென்பது விசாரணையின் முடிவு. மாலுமியைக் குறை கூறுதல் சுலபம். அவ்விழுப்பு அவ்விடத்தில் உண்டாவானேன் என்பதே நாம் கேட்பது.

அணைக்குப் பக்கத்தில், கப்பல்களை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டியே லாக். அதன் கதவு மூடியிருக்கையில் பிரவாகம் முழுவதும் அணையின் மதகுகளையே நாடுகிறது. ஆகவே லாக் வாயிலுக்கு வரும் நீர் குறுக்கே திரும்பி மதகுப் பக்கம் ஓடும். உள்ளே நுழையும்பொருட்டுக் கப்பல் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். வேகம் குறைந்தால் சுக்கானுக்குப் பிடிப்பில்லை. நதிக்கு இதைவிட நல்ல சமயம் வேறென்ன வேண்டும்!

லாக்கையும் மதகுகளையும் பிரித்து மேல்நோக்கி நீண்ட காப்புச் சுவர் எழுப்புவது முதற் பரிகாரம். ஆனால் துவாரமற்ற சுவராயின், உட்புறம் சேரும் நீரனைத்தும் சுவரின் முனையைச் சுற்றியே வெளியேறி, கப்பல் தலை நுழைக்குமிடத்திலேயே குறுக்கே பாயும். ஆதலால் சுவரின் அடியில் கண்கள் விட்டு, நீரைச் சுவர் நெடுகச் சிறிது சிறிதாக வெளியேற்றுகிறார்கள். கண்கள் மிகப் பெரிதானாலோ கப்பல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். சரியான அளவைக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. நதியின் சிறு மாதிரியைக் கட்டி, அதில் நீர் விட்டுப் பார்த்தறிதல் வேண்டும். லாக்கருகே உள்ள மதகுகளை அடைத்துத் தூரத்து மதகுகளைத் திறப்பது சல்லிக்காசு செலவில்லாத உபாயம்.

இது நமக்கும் பக்கத்து வீட்டு விவகாரமன்று. ஹால்தியாவினின்று காசிக்குச் செல்லும் கப்பல் ஃபராக்கா லாக்கைக் கடந்தே தீரவேண்டும். வினாடிக்கு 40,000 கன அடி நீரைக் கால்வாயில் திருப்புவதற்கென்றே 1975ல் திறக்கப்பட்ட அணை அது. மதகுகளோடு கால்வாயும் நீரை இழுக்கிறது. கங்கையின் வண்டலோ ஓயாதது. உலக பாங்கின் கடனுதவியோடு அங்கே புதிய லாக் எழுப்பும் வேலையைச் சர்க்கார் மேற்கொண்டார்கள். அதன் நீள அகலம் ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. மாதிரிச் சோதனைக்குப் 1916ல் ஸ்தாபித்து, பூனாவுக்கருகே கடக்வாசலாவில் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் நம்மிடமே உண்டு. லாக் வாயிலில் வெள்ளக்காலத்துக் குறுக்கோட்டம் எவ்வளவு, எந்த மதகை எப்போது அடைப்பது என்ற விவரங்களைச் சர்க்கார் வெளியிட வேண்டுமென்கிறோம்.