மலைக்கு ஆசிரியர் யார்?



இம்மாதம் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். பிறருடைய குற்றங்களை ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்கும் குரு, தம் குற்றத்தையும் எப்போதேனும் சபையறியச் சொல்லுதல் நன்று.

சேர்வராயன் மலைமேல் நான் பங்குப் பணியாற்றிய நாள்களில், கோவில் வளாகத்திற்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் குறித்துத் தரச் சமவெளியிலிருந்து ஒருவர் கருவியோடு வந்தார். காப்பித் தோட்டத்து வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மலைவாசி முதியவர் ஒருவர், அவர் குறித்த இடத்தைச் சற்று நேரம் நின்று பார்த்தார். "சாமி, அங்கே அடியில பாறைதான். அந்த நாவ மரத்தடியப் பாருங்க. எந்தக் கோடையிலயும் அங்கே மண்ணு வெடிச்சதில்லை" என்றார். "பார்ப்போம், பெரியவரே" என்று புன்னகையோடு அவரை அனுப்பிவிட்டேன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றவனுக்கு, எழுத்தறியாத கிழவர் ஒருவரின் சொல் பொருட்டாகப் படவில்லை.

முந்நூறு அடி துளைத்தோம். மேலே வந்தது வெண்புழுதி மட்டுமே. தோட்டத் தொழிலாளர் வாரக் கூலியிலிருந்து சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் அந்தப் புழுதியோடு பறந்தது. மறு ஆண்டு, நாவல் மரத்தடியில் கையால் தோண்டிய கிணற்றில், இருபத்தைந்து அடியில் ஊற்றுக்கண் திறந்தது.

இந்நிகழ்ச்சியை நான் மறவாதிருப்பதற்குக் காரணம் இழந்த பணம் மட்டுமன்று. என் பங்கின் எல்லைக்குள்ளேயே ஓர் ஆசிரியர் இருந்தார். அவரை நான் ஆசிரியராகக் கண்டுகொள்ளவில்லை என்பதே என் நெஞ்சை உறுத்துகிறது.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்கு ஏறுவோர் இம்மலையின் தனித்தன்மையை எளிதில் உணர்வர். சுற்றிலும் வெயில் காயும் சமவெளி. நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த மலைநாடு. கடல் நடுவே தீவு நிற்பதுபோல் சமவெளியின் நடுவே இம்மலை நிற்கிறது. தீவுகளில் பிற இடங்களில் காணாத உயிர்கள் தோன்றி நிலைப்பதுபோல, இத்தகைய மலைகளிலும் தோன்றி நிலைக்கின்றன. தாவர அறிஞர்கள் 'வெர்னோனியா சேவராயென்சிஸ்' என்று பெயரிட்ட மரம் ஒன்று உண்டு. சேர்வராயன் மலையின் பெயரையே தன் பெயரில் தாங்கும் அம்மரம், தமிழகத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கே உரியது. இன்று மிகவும் அருகிவிட்டது. அதன் பெயரைக்கூட நம்முள் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

மறைக்கல்வி வகுப்பில் ஒருநாள் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, கண்ணுக்குத் தெரிந்த மரங்களின் பெயரைச் சொல்லச் சொன்னேன். "காப்பி" என்றார்கள், "சில்வர் ஓக்" என்றார்கள், "பேரிக்காய்" என்றார்கள். காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. மிளகுக்கொடி படரவும் காப்பிக்கு நிழலாகவும் நிற்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காப்பியையும் பேரியையும் ஆப்பிளையும் 1820-களில் இம்மலைக்குக் கொண்டுவந்தவர், அந்நாளில் சேலத்து ஆட்சியராக இருந்த டேவிட் காக்பர்ன். இவை நமக்குச் சோறு போடுகின்றன, அதற்கு நன்றியுடையோம். ஆனால் கோவில் சுவரோரம் நின்ற மரத்தைச் சுட்டியபோது, பிள்ளைகள் "காட்டு மரம், சாமி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். விருந்தாளிகளின் பெயரெல்லாம் தெரிகிறது. வீட்டுக்காரர் பெயர் தெரியவில்லை! பிள்ளைகளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அம்மரத்தின் பெயர் தெரியாது.

நம் மலையில் கல்விக்குக் குறைவில்லை. திரு இருதயப் பள்ளி 1894-லும் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லும் தொடங்கப்பெற்றன. துறவற சபையினர் தலைமுறை தலைமுறையாக இங்கே விளக்கேற்றி வருகின்றனர். இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் பூங்காவும் இங்கு உண்டு. எனினும், இம்மலையிலேயே பிறந்து வளர்ந்தோர் இதைப்பற்றி அறிந்திருப்பதைப் பிறர்க்குக் கற்பிக்க ஒரு திண்ணைகூட நம்மால் அமைக்கப்படவில்லை.

அவர்கள் யார்? மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் அவர்கள். பெயரைக் கொண்டு கேரளத்தவர் என மயங்கவேண்டா. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் மரபு. சாமையும் தினையும் எந்தச் சரிவில் விளையும், எந்த ஓடை எம்மாதத்தில் வற்றும், எந்தக் கிழங்கை எவ்வாறு பக்குவப்படுத்தினால் உண்ணலாம் என்பன அவர்கள் அறிவு. தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறையாக உழைத்துவரும் நம் பங்குக் குடும்பங்களுக்கும் மண்ணையும் மழையையும் பற்றிய அறிவு நிறைய உண்டு.

இவ்வாறு உள்ளூராரே ஆசிரியராக அமர்வது நடக்கக்கூடியதா என்று வினவலாம். நடந்திருக்கிறது. நீலகிரியில் கோத்தகிரியை மையமாகக் கொண்ட கீஸ்டோன் நிறுவனமும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, 2015 முதல் ஒரு களக்கல்வித் திட்டத்தை நடத்தின. கடல் கடந்து வந்த மாணவர்களும் நீலகிரிப் பழங்குடி இளைஞர்களும் அதில் ஒன்றாக அமர்ந்து பயின்றனர். காட்டையும் ஊரையும் உணவையும் பற்றிய பாடங்களில் உள்ளூர் இளைஞர்கள் மாணவர்களாக மட்டும் இருக்கவில்லை, வழிகாட்டிகளாகவும் இருந்தனர்.

இன்னொன்று கேளுங்கள். செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் மக்கள் பாம்பு பிடிப்பதில் வல்லவர். 1978-ல் அமைந்த அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம், பாம்புக்கடிக்கு மருந்து செய்யத் தேவையான நஞ்சை எடுத்து வழங்குகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அயல்நாட்டு மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள உயிரினங்களை விழுங்கின. அறிஞர்கள் திகைத்தனர். 2017-ல் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அழைத்தனர். புல்லில் பதிந்த தடத்தையும் பாம்பின் எச்சத்தையும் பார்த்தே அவர்கள் பாம்பைத் தேடிப் பிடித்தனர். ஒரு தீவில் 16 அடி நீளமுள்ள பெண் பாம்பையும் பிடித்தனர். பள்ளிப் படிப்பு இல்லாத இவ்விருவரும், பல்கலைக்கழகத்தார் சூழ நின்று பார்க்கக் கற்பித்தனர். 2023-ல் நம் நாடு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நூலறிவு வேண்டா என்பதன்று என் கருத்து. இயேசு சபைக் குருவான அருட்தந்தை கே. எம். மாத்யூ, திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாத் தாவரக் காப்பகத்தை உருவாக்கினார். தமிழகச் சமவெளிகளையும், சேர்வராயன் உள்ளிட்ட மலைகளையும் ஆராய்ந்து, அவற்றின் செடிகொடிகளைப் பெருந்தொகுதிகளாக 1980-களில் வெளியிட்டார். 2004-ல் இறைவனடி சேரும்வரை இத்துறையிலேயே உழைத்தார். அவர் எழுதிவைத்த இலத்தீன் பெயரும் நம் கிழவியர் வாயில் வழங்கும் பெயரும் ஒரே செடிக்கு உரியவை. ஒன்று நூலகத்தில் காக்கப்படுகிறது, மற்றது காக்கப்படவில்லை.

முதியோர் சொல்வன யாவும் சரி என்பதும் அன்று. பாம்பு கடித்தவரை வேரும் மந்திரமும் நம்பி வீட்டில் கிடத்துவது உயிர்க்கொலைக்கு ஒப்பாகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். கேட்போம், ஆராய்வோம், நல்லதைக் கொள்வோம். அன்றியும், ஒருவர் அறிவை வாங்கிக்கொண்டு அவரை மறந்துவிடுவது களவு. கற்பிப்பவருக்கு அன்றைய கூலியையும் ஆசிரியருக்குரிய மரியாதையையும் தரவேண்டும்.

மறைநூல் இதற்கு எதிரானதன்று. தொடக்க நூலில் ஆண்டவர் உயிரினங்களை ஆதாமிடம் கொண்டுவந்து பெயரிடச் செய்கிறார். மனிதன் செய்த முதல் வேலைகளுள் ஒன்று தன்னைச் சூழ்ந்த உயிர்களை அறிந்து பெயர் சொல்வதே. மரங்களையும் விலங்குகளையும் பற்றிச் சாலமோன் பேசினார் என்றும், அதைக் கேட்கப் பல நாட்டார் வந்தனர் என்றும் அரசர் நூல் கூறுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-ல் எழுதிய 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பழங்குடி மக்களின் நிலத்தைத் தொடும் திட்டங்களில் அவர்களிடமே முதலில் கலந்து பேசவேண்டும் என வலியுறுத்தினார். அன்று நாவல் மரத்தடியில் நான் செய்யத் தவறியது அதுவே.

ஆகவே, மலைப் பங்குகளில் வாழும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரில் மூத்தவர் ஒருவரை, கத்தோலிக்கரோ அல்லரோ, அழைத்து நாற்காலியில் அமர்த்துங்கள். ஒரு மாதம் நீரூற்றுகள், மறு மாதம் மரங்கள், பின்னர் தானியங்கள், தேன், பழைய பாதைகள் எனப் பாடங்கள் அமையட்டும். பிள்ளைகள் கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதட்டும். "இதனால் மதிப்பெண் வருமா, வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது எனக்குத் தெரியும். சேலத்திற்கும் சென்னைக்கும் பிழைக்கப் போகும் பிள்ளை போகட்டும். தான் எங்கிருந்து வந்தோம் என்பதை அறிந்து போகட்டும். அறியாத இடத்தை ஒருவரும் காக்கமாட்டார்.

சமவெளியில் வாழ்வோரும் இதைச் செய்யலாம். உங்கள் ஏரிக்கும் ஆற்றுக்கும் அதை அறிந்த ஒருவர் இருப்பார்.

அந்த முதியவரிடம் பிற்பாடு சென்று மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சாமி, தண்ணி வந்துச்சில்ல" என்று சிரித்தார். இன்னும் ஏழெட்டு ஊற்றுகளின் இடம் தமக்குத் தெரியும் என்றும், ஒருநாள் அழைத்துச் சென்று காட்டுவதாகவும் சொன்னார். திருவிழா வேலை, கட்டட வேலை என்று நான் நாளைத் தள்ளிக்கொண்டே போனேன். அடுத்த பனிக்காலத்தில் அவர் காலமானார். அந்த ஊற்றுகள் எங்கே என்று இன்று சொல்வாரில்லை.

நீங்கள் என்னைப்போல் நாளைத் தள்ளவேண்டா. வருகிற ஞாயிறே உங்கள் தெருவில் மூத்தவர் யாரெனத் தேடிச் செல்லுங்கள். ஆண்டவர் உங்கள் இல்லங்களையும் நீங்கள் வாழும் மண்ணையும் ஆசீர்வதிப்பாராக.