காட்டைத் தோட்டமாக்கிய கைகள்



அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், வறண்ட மேய்ச்சல் நிலப்பகுதியில், 1909ஆம் ஆண்டு தம் சிறு மகளோடு குடியேறியவர் எலினோர் புரூயிட் ஸ்டூவர்ட். பண்ணையொன்றில் வீட்டு வேலைக்கென வந்தவர் அவர். ஆயினும் அந்நாட்டின் 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டம், தனித்து வாழும் பெண்ணும் 160 ஏக்கர் வரை தன் பெயரில் நிலம் கோர இடமளித்தது. அவரும் கோரினார். புல்லறுப்பும் பனியும் தனிமையுமாகக் கழிந்த தம் நாள்களைப் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் 1914இல் நூலாயின. இன்றும் படிக்கப்படுகின்றன.

அதே 1909இல்தான் ஜொகூரின் ஊடாகச் செல்லும் இருப்புப்பாதை நிறைவு பெற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங் எனப் பாதையோரக் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. கங்காணிகளோடு கப்பலேறி அங்கே வந்தவர்களில் பெண்களும் இருந்தனர். நம் பாட்டிமாரும் பூட்டிமாரும் அவர்கள்தாம். அவர்கள் பெயரில் நிலமில்லை. குடியிருந்த லயத்து வீடும் வேலை உள்ளவரைதான். அவர்கள் எழுதி வைத்த கடிதங்களும் நமக்குக் கிடைக்கவில்லை.

நம் விழா மேடைகளில் அந்தப் பெண்மணி இரண்டே கோலங்களில் தோன்றுகிறார். ஒன்று, கண்ணீர் வடிக்கும் தியாகத்தாய். மற்றொன்று, 1943இல் தொடங்கப்பெற்ற ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய வீராங்கனை. இரண்டும் உண்மையே. ஆனால், அவர் தொழில் தெரிந்தவர் என்பதை நாம் பேசுவதேயில்லை. என் வருத்தமெல்லாம் இதுதான்.

பால்மரம் சீவுவது எளிய வேலையன்று. பட்டைக்கு உள்ளே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. உளி அதைத் தொட்டுவிட்டால் மரம் புண்படும். ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, மீண்டும் சீவ ஆகாது. ஆழம் குறைந்தாலோ போதிய பால் வராது. நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. அந்த அளவை விடியுமுன் அரையிருட்டில், கொசுக்கடியில், மரத்துக்கு மரம் கைப்பழக்கத்தால் அறிந்தவர் அவர். ஒரு நாளைக்கு முந்நூறு மரங்களுக்கு மேல்! விடியலில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் தணியும் என்று அறிவியல் நூல்கள் விளக்குகின்றன. அவர்கள் நூல் படிக்காமலேயே அந்தக் கணக்கில் எழுந்தவர்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போய் நின்றவர்கள்.

கூலியில் மட்டும் வேறுபாடு இருந்தது. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்ட வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல், பெருமந்தக் காலத்தில், அதுவும் 40, 32 எனக் குறைந்தது. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஆண்கள் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, மரவள்ளி நட்டுக் குடும்பத்தைக் காத்தவர்கள் பெண்களே. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், ஒரு பிடி அரிசி வெளியே போகிறதா என்று தோட்ட வாயிலில் சோதனையிடப்பட்டவர்களும் அவர்களே. 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச்சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினர். பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் குடும்பங்கள் பிரிந்தன.

ஒருமுறை என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால் ஆகிய மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். மாணவர் இருபத்தெட்டுப் பேரில் விடை சொன்னவர் ஒருவர். அவரும் பாட்டியோடு வளர்பவர். இத்தனைக்கும் ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரோடு இன்றும் 'தோட்டம்' ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையோ வீடமைப்புத் திட்டமோ வந்துவிட்டது, அவ்வளவே.

"தோட்டக் கதையெல்லாம் எதுக்குங்க டீச்சர்? அதிலிருந்து வெளியே வரத்தானே பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்?" என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. வறுமையும் அவமானமும் பட்டவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால், வறுமையை மறப்பதாக எண்ணித் திறமையையும் சேர்த்தே மறக்கிறோம் என்பது என் கருத்து. தன் பாட்டி 'சும்மா கூலி வேலை' செய்தவர் என்று எண்ணி வளரும் பிள்ளையும், ஒரு மில்லிமீட்டர் கணக்கு அறிந்த தொழிலாளி என்று அறிந்து வளரும் பிள்ளையும் ஒன்றல்லர்.

நேரமில்லை என்று இனிச் சொல்ல முடியாது. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. வகுப்பறைசார் மதிப்பீட்டில் நேர்காணலுக்கும் செயல்திட்டத்துக்கும் இடமுண்டு. உளி பிடித்த கடைசித் தலைமுறையினர் எழுபது, எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர்.

ஆகவே, வரும் பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டுக்குச் செல்லும் பிள்ளையிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தனுப்புங்கள். "கஷ்டப்பட்டீர்களா?" என்ற கேள்வி வேண்டா, அதற்கு ஒரு பெருமூச்சுதான் விடையாக வரும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மரம், உளியை எதில் தீட்டினீர்கள், மழை வந்தால் அன்றைய கூலி என்னாகும், பிள்ளையை யாரிடம் விட்டீர்கள் என்று கேட்கட்டும். பாட்டி சொல்லும் தோட்டத்துச் சொற்களைத் திருத்தாமல் அப்படியே எழுதி வரட்டும். எழுத்துப்பிழையை நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.